வியாழனின் காந்தப்புலம் மாறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கேள்வியைச் சுருக்கினால் இது: வியாழனின் காந்தப்புலம் 1970களில் இருந்ததுபோல இப்போது இல்லை என்கிறார்கள். ஆனால் அங்கே யாரும் தொடர்ந்து உட்கார்ந்து அளக்கவில்லை. எப்போதாவது ஒரு விண்கலம் பக்கத்தில் பறந்து போனது, அவ்வளவுதான். அன்றைய கருவி வேறு, இன்றைய கருவி வேறு, போன பாதையும் வேறு. அப்படியென்றால் மாறியது புலமா, அளந்த விதமா?

சந்தேகம் நியாயமானது. இதைத் தீர்ப்பதிலேயே பதிலின் முக்கால் பங்கு போய்விடும். ஒரு புலத்தை அளப்பது ஒரு வேலை. அது மாறியது என்று சொல்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கு, எது மாறாமல் இருக்கிறது என்று முதலில் காட்டியாக வேண்டும்.

பூமியில் இது எவ்வளவோ சுலபம். லண்டனில் 1580இல் திசைகாட்டி ஊசி உண்மையான வடக்கிலிருந்து சுமார் 11 டிகிரி கிழக்கே விலகி நின்றது. 1622இல் எட்மண்ட் கன்டர் அளந்தபோது 6 டிகிரி. 1634இல் ஹென்ரி கெல்லிபிராண்ட் அளந்தபோது 4 டிகிரி. மூன்று பேர், ஒரே நகரம், ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே வந்த எண். முன்னே அளந்தவர் தப்பாக அளந்துவிட்டார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று புரிந்துகொண்ட கெல்லிபிராண்ட், பூமியின் காந்தம் காலத்தோடு மாறுகிறது என்று 1635இல் எழுதினார்.

இந்தியாவிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. பம்பாய் கொலாபாவில் 1840களிலிருந்து காந்த அளவீடு நடந்துவந்தது. நகரத்தில் டிராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டப்போகிறார்கள் என்றதும், அந்த மின்னோட்டம் அளவீட்டைக் கெடுத்துவிடும் என்று அலிபாகுக்கு இடம் மாற்றினார்கள். சட்டென்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பவில்லை. 1904இலிருந்து 1906 வரை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அளந்தார்கள். அதனால் பழைய தொடரும் புதிய தொடரும் தையல் தெரியாமல் ஒட்டின. வியாழன் விஷயத்தில் இல்லாமல்போனது இந்த ஒட்டுதல்தான். அங்கே ஒரு கலம் அளந்து முடித்துப் பல வருடம் கழித்தே அடுத்தது போகும்.

சரி, வியாழனுக்கு வருவோம். முதல் சிக்கல், அங்கே 'அதே இடம்' என்று எதுவும் கிடையாது. தரையே இல்லை. மேகங்கள் அட்சரேகைக்கு அட்சரேகை வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன. அப்படியானால் தீர்க்கரேகையை எதை வைத்துப் போடுவது?

1955இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பெர்னார்ட் பர்க், கென்னத் ஃபிராங்க்ளின் இருவரும் வயல்வெளியில் விரித்திருந்த ஆண்டெனாக் கூட்டத்தில் 22 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஒரு இரைச்சலைக் கேட்டார்கள். பக்கத்தில் போகிற வண்டியின் எஞ்சின் கோளாறாக இருக்கும் என்றுகூட முதலில் நினைத்தார்களாம். பிறகு பார்த்தால் அது வியாழனிலிருந்து வந்தது. காந்தப்புலத்தில் சிக்கிய எலக்ட்ரான்கள்தான் அந்த ரேடியோ அலையை உண்டாக்குகின்றன. காந்த அச்சு சுழற்சி அச்சிலிருந்து சுமார் 10 டிகிரி சாய்ந்திருப்பதால், கோள் சுழலச் சுழல ரேடியோ அலையும் ஆடி ஆடி வரும். அந்த ஆட்டத்தை வருடக்கணக்கில் எண்ணித்தான் வியாழனின் ஒரு நாள் 9 மணி 55 நிமிடம் 29.71 வினாடி என்று தீர்மானித்தார்கள். தீர்க்கரேகைகளும் அந்தக் கணக்கில் போட்டவைதான்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தீர்க்கரேகையே காந்தப்புலத்தை வைத்துப் போட்டது. காந்தப்புலம் நகர்ந்ததா என்று கேட்டால், எதைப் பொறுத்து நகர்ந்தது என்று பதில் கேள்வி வரும். ஓடுகிற ராட்டினத்தில் ஒரு குதிரையையே பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அந்தக் குதிரை நகர்கிறதா என்று கேட்பதுபோல. புலம் முழுவதும் ஒன்றாக மெல்ல நகர்ந்தால், நமக்குத் தெரிவது நகர்வாக இருக்காது. வியாழனின் நாள் சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று எழுதி வைத்துவிடுவோம்.

இது வெறும் தத்துவச் சிக்கல் இல்லை. எண் போட்டுப் பாருங்கள். வியாழன் நம் வருடத்துக்கு சுமார் 883 தடவை சுழல்கிறது. சுழற்சிக் காலத்தில் நூறில் ஒரு பங்கு வினாடி பிழை இருந்தால் வருடத்துக்கு 0.09 டிகிரி விலகும். முதல் விண்கலம் அங்கே போன 1973இலிருந்து, ஜூனோ விண்கலம் போய்ச் சேர்ந்த 2016 வரைக்குமான 43 வருடத்தில் கிட்டத்தட்ட 4 டிகிரி. வியாழனின் நடுக்கோட்டில் அது சுமார் 4,800 கிலோமீட்டர். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று வினாடிக்கு இந்தக் கதி.

யுரேனஸில் இது இன்னும் மோசம். 1986இல் வாயேஜர் 2 ஒரே ஒரு தடவை கடந்து போனபோது கிடைத்த சுழற்சிக் காலம் 17.24 மணி, அதில் 0.01 மணி, அதாவது 36 வினாடி, கூடக் குறைய இருக்கலாம். அந்தத் தெளிவின்மை சேர்ந்து சேர்ந்து, இரண்டு வருடத்துக்குள்ளேயே காந்த முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாமல் போயிற்று. ஹப்பிள் தொலைநோக்கி பல வருடம் பார்த்த துருவ ஒளிகளைப் பின்தொடர்ந்து 2025இல்தான் அதைச் சரிசெய்தார்கள். பழைய கணக்கைவிட 28 வினாடி கூடுதல் என்று வந்தது. சனிக்கு வேறு வகைத் தொல்லை. அதன் காந்த அச்சு சுழற்சி அச்சோடு அப்படியே பொருந்தி நிற்கிறது, விலகல் டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. புள்ளி வைக்காத பம்பரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கண்ணால் சொல்ல முடியுமா? அதனால்தான் வியாழனையே எடுத்துக்கொண்டு பேசுகிறோம். பெருங்கோள்களில், காலப்போக்கில் புலம் மாறியதை இவ்வளவு விவரமாக அளக்க முடிந்தது அங்கேதான்.

இரண்டாவது சிக்கல் தூரம். கோளின் காந்தப்புலத்தை ஒரு பெரிய இருமுனையும் (சாதாரணச் சட்டக் காந்தம்போல வடக்கு, தெற்கு என்று இரண்டு முனை உள்ள புலம்), அதன் மேல் ஏறிய சிறிய சிறிய நெளிவுகளும் சேர்ந்ததாகக் கணக்கிடுவார்கள். நெளிவு எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு சீக்கிரம் அது தூரத்தில் கரைந்துவிடும். உதாரணமாக, பத்தாம் படி நெளிவு என்று எடுத்துக்கொண்டால், மையத்திலிருந்து உள்ள தூரத்தின் பன்னிரண்டாம் அடுக்கில் அது தேயும். 1973 டிசம்பரில் பயனியர் 10 மையத்திலிருந்து சுமார் 2.9 வியாழ ஆரம் வரை நெருங்கியது. அங்கே பத்தாம் படி நெளிவு மேகமட்டத்தில் இருப்பதில் பத்து லட்சத்தில் மூன்று பங்குதான் மிச்சம். ஒரு வருடம் கழித்துப் போன பயனியர் 11 துணிச்சலாக 1.6 ஆரம் வரை இறங்கியது, அங்கேகூட 0.4 சதவீதத்துக்கும் குறைவு. 1979இல் வாயேஜர் 1 கிட்டத்தட்ட 4.9 ஆரம், 1992இல் யுலிசிஸ் 6.3 ஆரம். கலிலியோ 1995 முதல் 2003 வரை எட்டு வருடம் சுற்றியும், பெரும்பாலும் நிலவுகள் இருக்கும் தூரத்திலேயே சுற்றியது. ஆக, இருமுனையும் அதற்கு அடுத்த இரண்டு மூன்று படிகளும் தெரிந்தன, மற்றதெல்லாம் மூடுபனி.

அந்தக் காலத்து ஆட்கள் சும்மா இருக்கவில்லை, ஒரு அழகான குறுக்குவழி பிடித்தார்கள். ஐயோ நிலவு வியாழனின் காந்தக் கோடுகளை உரசிக்கொண்டே போகும். அந்தக் கோடு வியாழனைத் தொடுமிடத்தில் துருவ ஒளி போல ஒரு புள்ளி மின்னும். அதைப் பூமியிலிருந்தே படம் எடுக்கலாம். ஐயோ எங்கே இருக்கும்போது புள்ளி எங்கே விழுகிறது என்று குறித்துவைத்தால், நடுவில் உள்ள காந்தக் கோட்டின் வடிவம் ஓரளவு பிடிபடும். விண்கல அளவீட்டோடு இதைச் சேர்த்துத்தான் 1998இல் ஜாக் கானர்னி குழுவினர் விஐபி4 என்ற மாடலைப் போட்டார்கள். நெடுநாள் அதுதான் புழக்கத்தில் இருந்தது.

அப்புறம் ஜூனோ வந்தது. 2011 ஆகஸ்டில் கிளம்பி 2016 ஜூலையில் வியாழனின் சுற்றுப்பாதையில் நுழைந்த நாசா விண்கலம். ஒவ்வொரு சுற்றிலும் மேகங்களுக்கு மேலே சுமார் 4,000 கிலோமீட்டர் உயரம் வரை தாழ்ந்து, துருவத்திலிருந்து துருவத்துக்கு இரண்டே மணி நேரத்தில் பாய்ந்துவிடும். அந்த உயரத்தில், மேலே சொன்ன பத்தாம் படி நெளிவில் பாதி அப்படியே இருக்கிறது. பத்து லட்சத்தில் மூன்று எங்கே, பாதி எங்கே!

கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'அளவீட்டுப் பிழையா' என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஜூனோவில் இருப்பது இரண்டு ஃப்ளக்ஸ்கேட் காந்தமானிகள். மூன்று சூரியத் தகட்டு இறக்கைகளில் ஒன்றின் நுனியில் ஒரு கை நீட்டி, அதில் கலத்தின் மையத்திலிருந்து சுமார் 10 மீட்டரிலும் 12 மீட்டரிலும் ஒவ்வொன்றை வைத்திருக்கிறார்கள். ஏன் இரண்டு? கலத்துக்கே சொந்தமாகக் கொஞ்சம் காந்தம் இருக்கும். அது தூரம் போகப் போகச் சட்டென்று குறையும். வியாழனின் புலம் இரண்டு மீட்டரில் குறையாது. இரண்டு சென்சாருக்கும் வித்தியாசம் தெரிந்தால் குற்றவாளி கலம்தான். கொலாபாக்காரர்கள் டிராமைவிட்டுத் தள்ளிப் போனதும் இதே புத்திதான்.

அடுத்தது திசை. காந்தப்புலம் என்பது வெறும் அளவு இல்லை, திசையும் சேர்ந்தது. 10 காஸ் புலத்தில், அதாவது பத்து லட்சம் நானோடெஸ்லாவில் (இரண்டும் காந்தப்புலத்தின் அலகுகள்), கருவி ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு திரும்பியிருந்தாலே சுமார் 290 நானோடெஸ்லா பொய் மாற்றம் வந்துவிடும். வெயில் பட்டும் படாமலும் சூரியத் தகடு வளையும், நெளியும். கலத்தின் நடுவில் திசையை அளந்து, நுனியிலும் அதே திசைதான் என்று நம்ப முடியாது. எனவே ஒவ்வொரு காந்தமானியின் பக்கத்திலும் நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை சொல்லும் இரண்டிரண்டு கேமராக்களை ஒட்டிவைத்தார்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்தவை. இது எல்லாவற்றுக்கும் மேல், ஜூனோ நிமிடத்துக்கு இரண்டு சுற்று சுழன்றுகொண்டே போகிறது. வெளியிலிருந்து வரும் புலம் சென்சாருக்கு ஏறி இறங்கும் அலையாகத் தெரியும். கருவியின் சொந்தப் பிழை மட்டும் அசையாமல் நிற்கும். இரண்டையும் பிரிப்பது அப்புறம் கணக்குப் பிள்ளை வேலை.

இதையெல்லாம் செய்த பிறகும் கழிக்க வேண்டியது ஒன்று மிச்சம். ஐயோவின் எரிமலைகள் கக்குவதில் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு டன் பொருள் வியாழனின் காந்த வெளியில் கலந்து, மின்னேற்றம் பெற்று, நடுக்கோட்டைச் சுற்றி ஒரு தட்டாகப் பரவுகிறது. அந்தத் தட்டில் ஓடும் மின்னோட்டத்துக்கும் காந்தப்புலம் உண்டு. நூறு, இருநூறு நானோடெஸ்லா என்ற அளவு. அதுவும் கூடிக் குறையும். கோளுக்குள்ளிருந்து வருவது மாறியதா, வெளியே உள்ள தட்டு மாறியதா என்று ஒவ்வொரு சுற்றிலும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அலுப்பான வேலை. ஆனால் இதைச் செய்யாமல் 'மாற்றம்' என்று வாயைத் திறக்க முடியாது.

முதல் நெருக்கத்திலேயே, 2016 ஆகஸ்ட் 27 அன்று, ஜூனோ 7.766 காஸ் அளந்தது. பழைய மாடல்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். (பூமியின் மேற்பரப்பில் அரை காஸ் சுற்றுவட்டாரம்தான்.) முதல் சில சுற்றுகளிலிருந்து 2018இல் ஜேஆர்எம்09 என்ற வரைபடம் வந்தது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். வடபாதியில் பட்டையாக அடர்ந்த புலம். தென்பாதி ஓரளவு சாது. நடுக்கோட்டருகே தன்னந்தனியாக ஓரிடத்தில் காந்தக் கோடுகள் கற்றையாக உள்ளே இறங்குகின்றன. வரைபடத்தில் உள்ளே இறங்கும் புலத்துக்கு நீலம் போடுவது வழக்கம் என்பதால் அதற்குப் பெரிய நீலப் புள்ளி என்று பெயர் விழுந்தது. தொலைநோக்கியில் தேடினால் அப்படி ஒன்றும் தெரியாது. பெரிய சிவப்புப் புள்ளிக்கும் இதற்கும் சம்பந்தமும் கிடையாது.

இந்த நீலப் புள்ளிதான் உங்கள் கேள்விக்கான திறவுகோல்.

2019இல் ஹார்வர்டில் இருந்த கிம்பர்லி மூர் குழுவினர் ஒரு காரியம் செய்தார்கள். பழைய தரவிலிருந்து பழைய வரைபடம் போட்டு, புதியதோடு ஒப்பிடவில்லை. பழையது மூடுபனி என்பதால் அப்படி ஒப்பிட்டால் வித்தியாசம் நிச்சயம் வரும், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்காது. அதற்குப் பதிலாகக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டார்கள்: ஜூனோ காட்டும் துல்லியமான புலமே அன்றும் இருந்திருந்தால், பயனியர் 10, பயனியர் 11, வாயேஜர் 1, யுலிசிஸ் நான்கும் தங்கள் பாதையில் எதை அளந்திருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். உண்மையில் அவை அளந்ததோடு ஒத்துப்போகவில்லை. பழைய எண்கள் நுணுக்கம் குறைந்தவைதான், பொய்யானவை அல்ல. அவற்றிடம் ஒரு புதிய வரைபடத்தைக் கொடுத்து இது உனக்கு ஒத்து வருகிறதா என்று கேட்கலாம். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது இந்தத் திருப்பம்தான். எழுபதுகளில் அளந்தவர்கள் இப்படி ஒரு உபயோகத்தை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, ஒத்துப்போகவில்லை, சுழற்சிக் காலப் பிழையாக இருக்கக்கூடாதா? வரைபடம் முழுவதையும் கொஞ்சம் கிழக்கே தள்ளினால் போதாதா? போதவில்லை. வியாழனின் நடுக்கோட்டுப் பக்கக் காற்று ஆழத்தில் புலத்தை இழுத்துக்கொண்டு போவதாக வைத்துக் கணக்கிட்டபோதுதான் பொருத்தம் நன்றாக வந்தது. அப்படிக் கணக்கிட்டால் மாற்றத்தின் பெரும்பகுதி நீலப் புள்ளி இருக்கும் இடத்தில் குவிகிறது. இங்கேதான் அந்த ராட்டினச் சிக்கல் அவிழ்கிறது. சுழற்சிக் காலத்தில் பிழை என்றால் எல்லாக் குதிரைகளும் ஒரே கோணத்துக்கு நகர்ந்தாக வேண்டும். ஒரு குதிரை மட்டும் மற்றவற்றைவிட முன்னே போகிறது என்றால், அதைக் கடிகாரத்தின் தலையில் கட்ட முடியாது.

ஜூனோ தன் முதன்மைத் திட்டத்தை முடித்து, தீர்க்கரேகையில் சீரான இடைவெளியில் முதல் 33 சுற்றுகளில் 32இன் தரவு சேர்ந்த பிறகு, 2022இல் ஜேஆர்எம்33 வந்தது. அதன்படி நீலப் புள்ளி, கோளின் மற்ற உட்பகுதியைப் பொறுத்து, வினாடிக்கு சுமார் 4 சென்டிமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. முழுச் சுற்று வர ஏறத்தாழ 350 வருடம். அதாவது வருடத்துக்கு ஒரு டிகிரி. எறும்பு வேகம். மேலே மேகமட்டத்தில் அதே பகுதியில் காற்று வினாடிக்கு நூறு மீட்டர் அளவில் அடிக்கிறது என்பதை நினைத்தால் இது எவ்வளவு சொற்பம் என்று புரியும்.

இந்தச் சொற்பத்தில்தான் இயற்பியல் இருக்கிறது. காற்று ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது என்று ஜூனோவின் ஈர்ப்பு அளவீடு தனியாகச் சொல்லியிருந்தது. அந்த ஆழத்தில் அழுத்தம் ஏறி ஹைட்ரஜன் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. கடத்தும் திரவம் ஓடினால் காந்தக் கோடுகளையும் கூடவே இழுக்கும். காந்தக் கோடுகள் பதிலுக்குத் திரவத்தைப் பிடித்து நிறுத்தும். காற்று அடங்கும் இடமும் புலம் நகரத் தொடங்கும் இடமும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. நீலப் புள்ளியும் கிழிபடாமல் இல்லை. அதன் மேல் ஓடும் காற்றுகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிய்க்கின்றன என்று அதே வரைபடம் காட்டுகிறது.

முதன்மைத் திட்டம் முடிந்ததும், ஜூனோவின் பாதைகளில் பலவற்றை வேண்டுமென்றே நீலப் புள்ளியின் மேல் விழும்படி அமைத்தார்கள். ஒரே கலம், ஒரே கருவி, ஏறக்குறைய ஒரே இடம், வேறு வேறு வருடம். கெல்லிபிராண்டின் லண்டனுக்கு ஈடாக வியாழனில் கிடைக்கக்கூடியது இதுதான். பயனியரைத் தொடாமலே மாற்றத்தைப் பார்க்க முடிந்தது. 2024இல் ஜெரமி பிளாக்ஸம் குழுவினர் வெளியிட்ட முடிவு ஒரு படி மேலே போனது: அந்த ஆழ ஓட்டம்கூட ஒரே வேகத்தில் இல்லை, ஏறத்தாழ நான்கு வருடத்துக்கு ஒரு தடவை கூடிக் குறைகிறது. டைனமோவை, அதாவது கோளுக்குள்ளே காந்தப்புலத்தை உண்டாக்கும் திரவ ஓட்டத்தை, ஓட்டும் வெப்பச் சுழற்சி ஒரு சுற்று வர நூற்றுக்கணக்கான வருடம் ஆகும் என்பதால், நான்கு வருட ஆட்டத்துக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அழுத்தத்தால் உலோகம்போல மின்சாரம் கடத்தும் ஹைட்ரஜனுக்குள் சுழற்சி அச்சைச் சுற்றி முன்னும் பின்னும் முறுக்கி ஆடும் அலையாக இருக்கலாம், அல்லது காந்தக் கோடுகள் வீணைத் தந்திபோல அதிரும் ஆல்வென் அலையாக இருக்கலாம் என்கிறார்கள். தந்தி அதிரும் வேகம் அதன் இழுவையைச் சொல்லுமில்லையா, அதுபோல இந்த அலையின் காலத்தை வைத்து, வெளியே எட்டாத உள் புலத்தின் பலத்தை மதிப்பிட ஒரு வழி திறந்திருக்கிறது.

ஆனால் நான்கு வருட அலை என்று உறுதியாகச் சொல்ல, இன்னும் சில அலைகள் வந்துபோவதைப் பார்க்க வேண்டும். எட்டு, பத்து வருடத் தொடரில் இரண்டு ஏற்றம் இறக்கம்தான் அடங்கும். அடுத்து வியாழனுக்குப் போகும் விண்கலங்களான யூரோப்பா கிளிப்பரும் ஜூஸும் 2030, 2031இல் போய்ச் சேரும். அவற்றின் வேலை பனி நிலவுகளைப் பார்ப்பது. யூரோப்பாவின் சுற்றுப்பாதைக்கு உள்ளே அவை பெரிதாக நுழைவதில்லை. அது மையத்திலிருந்து ஒன்பது ஆரத்துக்கு மேல். இருமுனை எப்படி இருக்கிறது என்று அவை சொல்லும், நீலப் புள்ளியைப் பார்க்க அந்தத் தூரம் ஆகாது.